என் தந்தையின் தண்ணீர்க் குழாய்

ஓர் இரண்டாமாண்டு மாணவன், இளம் அறிவியல் (இயற்பியல்)



கல்லூரி மலருக்குக் கட்டுரை தருக என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும், விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். இயற்பியல் மாணவனுக்கு அதுதானே அழகு! ஆனால் எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது எட்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரு பெருக்கல் குறி. சிவப்பு மையில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்ட பெருக்கல் குறி.

அறிவியல் தேர்வில் ஒரு கேள்வி: "திரவம் தன் மட்டத்தைத் தானே அடையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக." புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அடியில் இணைக்கப்பட்ட, வெவ்வேறு வடிவமுள்ள கண்ணாடிக் குழாய்கள்; எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் நீர். அதை எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண். நான் எழுதியது என் தந்தையின் தண்ணீர்க் குழாயை.

என் தந்தை கொத்தனார். கரணை, தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம் ஆகியவற்றோடு அவரிடம் முப்பதடி நீளத்தில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயும் உண்டு. அதில் தண்ணீரை நிரப்பி ஒரு முனையை அவர் இந்தச் சுவரில் பிடிப்பார். மறுமுனையை என் தாய், சித்தாளாக உடன் போகிறவர், எதிர்ச்சுவரில் பிடிப்பார். நடுவில் மண்மேடு இருந்தாலும் சரி, செங்கல் குவியல் இருந்தாலும் சரி, இரு முனையிலும் நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டால் இரண்டும் ஒரே மட்டம். வீட்டின் கடைக்காலிலிருந்து கதவு நிலைக்கு மேல் வரும் லிண்டல் வரை அந்தக் குழாய் சொல்வதுதான் சட்டம். "தண்ணி பொய் சொல்லாதுடா தம்பி" என்பார்.

இதைத்தான் படம் போட்டு, அம்மாவையும் அப்பாவையும் இரண்டு குச்சி மனிதர்களாக வரைந்து எழுதினேன். விடைக்குறிப்பில் அது இல்லை. பெருக்கல் குறி விழுந்தது. நான் போய்க் கேட்கவில்லை. அடுத்த தேர்வில் அதே கேள்வி வந்தது. கண்ணாடிக் குழாய்களை எழுதினேன். இரண்டு மதிப்பெண் பெற்றேன். அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை, வீட்டில் கண்ட எதையும் விடைத்தாளில் எழுதியதில்லை. இழந்தது இரண்டு மதிப்பெண் என்றுதான் அன்று நினைத்தேன்.

செங்கல் எதற்கு?

படைப்புச் சிந்தனை என்றதும் கவிதை, ஓவியம், இசை என்று நம் மனம் ஓடுகிறது. உளவியலார் கருத்து அதுவன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் கில்ஃபோர்டு 1950ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக ஆற்றிய உரையில், படைப்பாற்றலை உளவியலார் புறக்கணித்து வருகிறார்கள் என்று சுட்டிக் காட்டினார். அவர் வகுத்த பிரிவை ஆசிரியப் பயிற்சி பெறுவோர் இன்றும் படிக்கின்றனர். ஒரே சரியான விடையை நோக்கி நெருங்கிச் செல்வது குவிசிந்தனை. ஒரு தொடக்கத்திலிருந்து பல திசைகளில் கிளை பிரிந்து செல்வது விரிசிந்தனை.

விரிசிந்தனையை அளக்க அவர் வழியில் வந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி மிக எளியது. "ஒரு செங்கல்லை எத்தனை வகைகளில் பயன்படுத்தலாம்?" சுவர் கட்டலாம், தரை பாவலாம், அடுப்புக் கூட்டலாம் என்று அடுக்கினால் எண்ணிக்கை கூடும். ஆனால் இவை அனைத்தும் கட்டுமானம் என்னும் ஒரே வகை. கதவு சாத்தாமல் முட்டுக் கொடுக்கலாம் என்றால் வகை மாறுகிறது. பொடித்துக் கோலத்துக்குச் செம்மண்ணாக்கலாம் என்றால் மேலும் மாறுகிறது. விடைகள் எத்தனை, எத்தனை வகை, எவ்வளவு புதுமை என்று பார்த்து மதிப்பிடுவர்.

இதை வீட்டில் கேட்டேன். செங்கல்லோடு முப்பது ஆண்டு புழங்கிய என் தந்தை, "தண்ணியில போட்டுப் பார்த்தா எந்தச் சூளைக்காரன் ஏமாத்துறான்னு தெரியும்" என்றார். நான் கேட்டது செங்கல்லின் பயன். அவர் சொன்னது செங்கல்லைச் சோதிக்கும் முறை. ஒரு தேர்வாளர் இதைத் தவறு என்பாரா, புதுமை என்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் செங்கல்லை இன்னொருவன் நேர்மையை அளக்கும் கருவியாகக் கண்ட விடை வேறெங்கும் வரும் என்று தோன்றவில்லை.

நம் பள்ளிக் கல்வியோ ஏறக்குறைய முழுவதும் குவிசிந்தனைப் பயிற்சி. அதுவும் தேவைதான். பாலத்துக்கு எவ்வளவு கம்பி வேண்டும் என்ற கணக்கில் ஆளுக்கொரு விடை வந்தால் பாலம் நிற்காது. குறை என்னவெனில், மற்றதற்கு இடமே இல்லாமல் போவது. அதைவிட, மற்றது ஒன்று இருப்பதே மாணவனுக்கு மறந்து போவது.

கப்பல் தலைவரின் வயது

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் கணிதக் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்று உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் கொடுத்த ஒரு கணக்கு 1980இல் வெளியாகிப் பரபரப்பை உண்டாக்கியது. கணக்கு இதுதான்: "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?"

நாம் சிரிக்கிறோம். அந்தக் குழந்தைகள் சிரிக்கவில்லை. கேட்கப்பட்ட 97 பேரில் 76 பேர், கொடுத்த எண்களைக் கொண்டு ஒரு வயதைக் கணக்கிட்டுத் தந்துவிட்டனர். 26ஐயும் 10ஐயும் கூட்டினால் 36 வருகிறதல்லவா?

இக்குழந்தைகள் அறிவற்றவர்கள் என்று எண்ணினால் நாம்தான் தவறு செய்கிறோம். கை ஓங்கிக் கூட்டிய அந்தக் குழந்தை, பள்ளி கற்பித்ததை மிகச் சரியாகக் கற்றிருக்கிறது. ஆசிரியர் கணக்குக் கொடுத்தால் அதற்கு விடை இருக்கும். கொடுத்த எண்கள் அனைத்தையும் பயன்படுத்த வேண்டும். விடை இல்லை என்று சொன்னால் பாடம் படிக்கவில்லை என்று பொருள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத இவ்விதிகளைப் பிள்ளைகள் நாள்தோறும் வகுப்பில் உணர்ந்து கொள்கின்றனர். பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கீ புரூசோ, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள எழுதப்படாத ஒப்பந்தம் என்றே இதைக் குறிப்பிட்டார்.

நான் மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கைச் சற்று மாற்றி அவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். "ஒரு லாரியில் 30 மூட்டை நெல்லும் 12 மூட்டை உளுந்தும் ஏற்றினார்கள். ஓட்டுநரின் வயது என்ன?" மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டை மறைத்துக்கொண்டு போட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் 42. ஒருவன் மட்டும் கழித்து 18 என்றான். கேட்டதற்கு, "பதினெட்டு இருந்தாத்தான் லைசென்ஸ் கொடுப்பாங்க அண்ணா" என்றான். அவன் சிந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன்!

அக்காளின் மடியில் உட்கார்ந்திருந்த, இன்னும் பள்ளியில் சேராத சிறுவன் ஒருவன் என்னை வியப்போடு பார்த்துக் கேட்டான்: "எந்த டிரைவரு?"

மூன்று சாடிகள்

குழந்தைகளை விடுங்கள், வளர்ந்த நாம் எப்படி? அமெரிக்க உளவியலார் ஆபிரகாம் லூச்சின்சு 1942இல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே தருகிறேன். படிக்கும் நண்பர்கள் ஒரு தாளை எடுத்துக் கொண்டு செய்து பாருங்கள்.

மூன்று சாடிகள் உள்ளன. முதலாவதில் 21 படி, இரண்டாவதில் 127 படி, மூன்றாவதில் 3 படி நீர் பிடிக்கும். சரியாக 100 படி நீரை எப்படி அளந்தெடுப்பது? பெரிய சாடியை நிரப்பி, அதிலிருந்து முதற்சாடி நிறைய ஒருமுறையும் மூன்றாம் சாடி நிறைய இருமுறையும் எடுத்துவிட்டால், மிச்சம் 100. அடுத்து 14, 163, 25, வேண்டியது 99. அதே வழி. 18, 43, 10, வேண்டியது 5. மீண்டும் அதே வழி. 9, 42, 6 கொண்டு 21. 20, 59, 4 கொண்டு 31. எல்லாம் அதே வழி.

இப்போது 23, 49, 3 கொண்டு 20 அளந்து தருக.

நானும் செய்தேன். 49இல் 23 போக 26, அதில் இருமுறை 3 போக 20. மார்தட்டிக் கொண்டேன். ஆய்வக வாசலில் என்னோடு நின்ற நண்பர்கள் நால்வரும் அதையேதான் செய்தனர். கை கழுவிவிட்டுத் தாமதமாக வந்த ஐந்தாமவன், முன் கணக்குகள் எதையும் பார்க்காதவன், கடைசிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, "இருபத்து மூன்றில் மூன்று போனால் இருபது. இதற்கு எதற்கடா பெரிய சாடி?" என்றான்.

லூச்சின்சு கண்டதும் இதையேதான். முன் கணக்குகளில் பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே சென்றனர். பழகாதவர்கள் குறுக்குவழியை உடனே கண்டனர். அதைவிட வியப்பு, 28, 76, 3 கொண்டு 25 வேண்டும் என்ற கணக்கில் பழைய வழி பொருந்தாதபோது, பழகியவர்களில் பலர் கணக்குத் தீராது என்றே விட்டுவிட்டனர். 28இல் 3 போனால் 25 என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சிலருடைய தாளில் இடையே "கண்ணை மூடிக் கொள்ளாதே" என்று எழுத வைத்தார். அது சிலருக்கு உதவியது.

ஒரு வழியில் பயிற்சி பெறுவது கண்ணைத் திறக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். அதே பயிற்சி பக்கத்து வழியை மூடவும் செய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நமக்குக் கொடுக்கப்பட்டவை ஐந்து சாடிக் கணக்குகள் அல்ல, ஐந்தாயிரம்.

இராமானுசன் பற்றி ஒரு கருத்து வேறுபாடு

இப்பொருள் பற்றிப் பேசுவோர் கணித மேதை இராமானுசனைக் கொண்டு வராமல் இருப்பதில்லை. நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியில்தான், கும்பகோணத்தில், 1904இல் அவர் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. "பார்த்தீர்களா, கல்லூரி அவரை அறிந்து கொள்ளவில்லை, பாடமும் தேர்வும் வீண்" என்று கூறி மேடையில் கைதட்டல் வாங்குவோரைக் கேட்டிருக்கிறேன்.

அதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்குக் கண் திறந்தது ஒரு புத்தகம்தான். கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று, பள்ளி மாணவராக இருந்த இராமானுசனுக்கு 1903இல் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களையும் வாய்பாடுகளையும் அடுக்கிய நூல். அதில் நிரூபணங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் முடிவு மட்டும் இருக்கும், வழி இருக்காது. வழியை அவரே தேட வேண்டியிருந்தது. நம் கையிலுள்ள நோட்சிலோ வழி, முடிவு, அடிக்கோடு, ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை வரி என்பது வரை அனைத்தும் உண்டு. நமக்கென்று விட்டு வைத்தது மனப்பாடம் ஒன்றே!

அறிவில்லாமல் படைப்பு இல்லை. என் தந்தை மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று நூல் பிடித்து வீட்டு மூலையைச் செங்கோணமாக்குவது அவருக்கு அவருடைய மேஸ்திரி திட்டித் திட்டி மனத்தில் ஏற்றியது. வாய்பாடு வேண்டாம் என்று கூறுவோர் பக்கம் நான் இல்லை. மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே கொண்டு வந்தது சிபாரிசு அன்று, மதிப்பெண்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மதிப்பெண்ணை அலட்சியம் செய்யலாம். கொத்தனார் மகனுக்கு அந்த விளையாட்டுக் கட்டுபடியாகாது. ஆகவே வீட்டில் கண்டதை எழுதும் ஆபத்தான வேலையை முதலில் கைவிடுவது எங்களைப் போன்ற பிள்ளைகள்தாம். யாரிடம் புத்தகத்தில் இல்லாத அனுபவம் மிகுதியோ, அவர்களே அதைப் பூட்டி வைக்கிறார்கள்.

பெருக்கல் குறி போட்ட ஆசிரியர் மீது எனக்கு இன்று வருத்தமில்லை. ஐந்து வகுப்புகளின் விடைத்தாள்கள் அவர் மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உயர்தொடக்க வகுப்புகளில் முப்பத்தைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. என் வகுப்பில் அதைவிட மிகுதியாகவே இருந்தோம். விடைக்குறிப்போடு ஒத்துப் பார்ப்பதே அவருக்கு ஓடிய நேரம். கொத்தனாரின் குழாயைப் பற்றி யோசிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் அவரிடம் இல்லை.

மாற்றி அமைக்க முயற்சிகள் இல்லாமலும் இல்லை. யஷ்பால் குழு 1993இல் புத்தகச் சுமையைவிடப் புரியாமைச் சுமையே பெரிது என்று எடுத்துக் காட்டியது. ரிஷிவேலி அனுபவத்திலிருந்து கற்று, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் தமிழகம் முழுவதற்கும் விரிந்தது செயல்வழிக் கற்றல். அதன் பிள்ளை நான். பாயில் உட்கார்ந்து, ஏணிப்படியில் என் படி எது என்று பார்த்து, தட்டிலிருந்து நானே அட்டை எடுத்துப் படித்தேன். சுவரின் அடியில் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. அதில் எதை வரைந்தாலும் யாரும் அழிக்கச் சொன்னதில்லை. தலைக்கு மேல் கட்டிய கம்பியில் நாங்கள் வரைந்தவை தொங்கும். நான் வரைந்த, கால் முளைத்த பேருந்து ஒரு மாதம் அங்கே ஆடிக் கொண்டிருந்தது. அட்டைகளிலும் ஒரே விடைக் கேள்விகள் இருந்தன. ஏணியிலும் முந்திக் கொண்டு ஓடினோம். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தபோது, ஏறிட்டுப் பார்த்தால் எட்டாத உயரத்தில் ஒரே ஒரு கரும்பலகை இருந்தது.

என் சிவப்புப் பேனா

இதுவரை பிறரைச் சொன்னேன். சென்ற ஆடி மாதம் மாலை வகுப்பில் "மரங்களின் பயன்கள் ஐந்து எழுதுக" என்றேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: நிழல், பழம், விறகு, ஊஞ்சல் கட்ட, வழி சொல்ல. "வழி சொல்ல" என்பதை அடித்தேன். காற்றைத் தூய்மை செய்கிறது என்று மேலே எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால்தான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் வந்து நின்றாள். "அண்ணா, புத்தகத்துல இருக்கிற மாதிரியே எழுதணுமா?" மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊருக்கு வருகிறவருக்கு வழி கேட்டால் எல்லாரும் சொல்வது "புளியமரத்தில் இடப்பக்கம் திரும்புங்க" என்பதே. நானே நூறு முறை சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குழாயை எடுத்துச் சென்றேன். பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தெருத் திண்ணைகளின் மட்டத்தை எல்லாம் அளந்து, யார் வீட்டுத் திண்ணை உயர்ந்தது என்று சண்டை போட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த அப்பா, "குமிழ் இருக்குதான்னு பாத்துக்கங்க, இருந்தா மட்டம் தப்பாக் காட்டும்" என்றார். அந்தச் சிறுமி கேட்டாள்: "தண்ணி பொய் சொல்லாதுன்னீங்களே தாத்தா, குமிழ் ஏன் பொய் சொல்லுது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன். புத்தகத்தில் இக்கேள்வி இல்லை.

அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். குழாய் தரையில் படுத்திருக்கும் பகுதியில் குமிழ் நின்றால் கெடுதல் இல்லை. அங்கே குமிழின் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றே. முனையை நோக்கிச் செங்குத்தாக ஏறும் பகுதியில் குழாயை அடைத்துக் கொண்டு நின்றால், அந்த நீளத்துக்கு அங்கே நீரின் எடை இல்லை. அதை ஈடுகட்ட அந்தப் பக்கத்து நீர்மட்டம் அவ்வளவு உயரமாக ஏறி நிற்கும். அரை அங்குலக் குமிழ் என்றால் அரை அங்குலப் பொய். மறுநாள் படம் போட்டு அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அப்போ ரெண்டு பக்கமும் ஒரே அளவு குமிழ் இருந்தா சரியாக் காட்டுமா அண்ணா?"

குழாய் இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. வேலைக்கு வேண்டும் என்று அப்பா இருமுறை கேட்டுவிட்டார்.